துணைவேந்தர் நாற்காலி: மூன்று பெயர், ஒரு 'டிக்'!

சென்னை மெரினாவுக்கு எதிரே கம்பீரமாக நிற்கிறது சென்னைப் பல்கலைக்கழகம். 1857-ல் பிறந்தது. அதைத் தெரியாதவர் யார்? ஆனால், அதன் துணைவேந்தரை எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'யாருக்கு சார் தெரியும்?' என்பதுதான் பதில்!

நடைமுறை இதுதான். தேடல் குழுவில் 3 பேர். செனட் தரப்பில் ஒருவர், சிண்டிகேட் தரப்பில் ஒருவர், வேந்தரான கவர்னர் தரப்பில் ஒருவர். குழு 3 பெயர்களைக் கொடுக்கும். அதில் ஒன்றுக்குக் கவர்னர் 'டிக்' அடிப்பார்.

ஏன் அந்த ஒருவர்? மற்ற இருவர் ஏன் இல்லை? விளக்கம் சொல்ல ஆளில்லை. கதவை மூடி வைத்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? துணைவேந்தர் பதவிகளுக்குக் கோடிகள் கைமாறின என்று 2018-ல் அப்போதைய கவர்னர் பன்வாரிலால் புரோகித்தே போட்டு உடைத்தார்!

நாலாவது ஆள்!

2023 ஆகஸ்டில் துணைவேந்தர் கவுரியின் பதவிக்காலம் முடிந்தது. குழுவில் நாலாவதாக யு.ஜி.சி. ஆளும் வேண்டும் என்றார் கவர்னர் ரவி. 3 பேரே போதும் என்றது மாநில அரசு. இழுபறியில் நாற்காலி காலி!

நியமன அதிகாரத்தை அரசுக்கே மாற்றும் சட்டத்துக்கு 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு வழிவிட்டது. மே மாதமே ஐகோர்ட்டு தடை போட்டது.

இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாணவர்கள்தான்.

'டிக்' அடிப்பது கவர்னரோ, கோட்டையோ! அந்த 3 பேர் யார், அவங்க தகுதி என்ன என்று முன்கூட்டியே ஊருக்குச் சொன்னால் என்ன குறைஞ்சுடும்?