மணப்பது ஒருவர், உழைப்பது இன்னொருவர்

வாங்க, வாங்க, இந்தப் பக்கமா வாங்க! முன்வாசலில் நின்றால் எல்லாரும் பார்ப்பதைத்தான் நாமும் பார்ப்போம்: ரம்பப் பல் விளிம்போடு ஒரு பச்சை இலை, கசக்கினால் எலுமிச்சை வாசனை. நாம் நுழையப் போவது கொல்லைப்புறமாக. லெமன் பாம் என்கிற இந்தச் செடிக்குப் பிறந்த வீடு மத்தியதரைக் கடலோரமும் மேற்கு ஆசியாவும். வளர்ந்து பேர் வாங்கியது ஐரோப்பிய மடங்களின் மூலிகைத் தோட்டங்களில். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, நாலு பட்டை! நம்ம துளசிக்கும் தும்பைக்கும் புதினாவுக்கும் அதே நாலு பட்டைத் தண்டுதான். எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இப்போது பூதக்கண்ணாடியை எடுத்து இலையைத் திருப்புங்கள். அடிப்புறத்தில் மினுமினுக்கிற புள்ளிகள் தெரிகிறதா? ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. மேலே மெல்லிய தோல், அதற்கடியில் எண்ணெய். விரல் பட்டதும் தோல் கிழியும், வாசனை எகிறும். சிட்ரால், சிட்ரோனெல்லால் என்று இரண்டு மூன்று பெயர்கள்தான் அந்த எலுமிச்சை மணத்துக்குப் பொறுப்பு.

இதில் மயங்குவது நாம் மட்டுமில்லை. வேலைக்காரத் தேனீ தன் கூட்டத்தைக் கூப்பிட வயிற்றின் நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாசனையை விடும். “எல்லாரும் இங்கே வாங்க” என்று அர்த்தம். அந்த வாசனையிலும் சிட்ரால் இருக்கிறது! அதனால்தான் தேனீ வளர்ப்பவர்கள் காலிப் பெட்டியின் உட்புறத்தில் இந்த இலையை அரக்கித் தேய்த்து, பிரிந்து பறக்கிற கூட்டத்தை வரவழைக்கப் பார்ப்பார்கள். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த உத்தியை எழுதி வைத்துவிட்டார். சுரப்பி, சிட்ரால் எதுவும் தெரியாத காலத்தில் கண்டுபிடித்தது யாரோ ஒரு கெட்டிக்காரத் தேன்காரர்.

சரி, மேடையில் ஆடுகிறவரைப் பார்த்தாயிற்று. திரைக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். மணமே கிடையாது. பெயர் ரோஸ்மரினிக் அமிலம். 1958 இல் இத்தாலிய வேதியியலாளர்கள் ரோஸ்மேரி செடியில் இவரைப் பிடித்ததால் அந்தப் பெயர். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும்: காய்ந்த லெமன் பாம் இலையில் எண்ணெய் அரை சதவீதம்கூடத் தேறாது, பெரும்பாலும் 0.3-க்குக் கீழேதான். ரோஸ்மரினிக் அமிலமோ குறைந்தது ஒரு சதவீதமாவது இருந்தால்தான் ஐரோப்பிய மருந்து நூல் அந்த இலையை மருந்து என்றே ஒப்புக்கொள்கிறது. கைதட்டல் முழுக்க எண்ணெய்க்கு, வேலையில் பெரும்பங்கு இவருக்கு என்பது என் கட்சி. இனி நாம் எட்டிப் பார்க்கப் போகிற ஒவ்வோர் அறையிலும் இந்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

முதல் அறை, ஜெர்மனியின் கொலோன் நகரம். 1775 இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த மரியா கிளெமென்டினே மார்ட்டின் ஒரு கன்னியாஸ்திரி. நெப்போலியன் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டபோது இவரும் வீதிக்கு வந்தார். வாட்டர்லூ போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். பிரஷ்ய அரசர் ஓய்வூதியம் கொடுத்தார். கையில் காசு, தலையில் மடத்து மருந்துக் குறிப்பு. 1826 இல் கொலோனின் பெரிய தேவாலயத்துப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார்! அவர் விற்ற ‘மெலிசென்கைஸ்ட்’ என்ற லெமன் பாம் மருந்து இன்றைக்கும் ஜெர்மன் மருந்துக் கடைகளில் நீலப் பெட்டியில் நிற்கிறது. இதன் மூத்த உறவு பாரிஸில் இருக்கிறது: 1611 இல் கார்மலைட் துறவிகள் கையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் லெமன் பாம் நீர்.

கொலோன் பாட்டிலின் பட்டியலைப் படிக்கிறேன், கேளுங்கள். லெமன் பாம் சரி. கூடவே இஞ்சி, மிளகு, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், பட்டை... அட, சித்தரத்தை! ஆக மொத்தம் 13 சரக்கு, அதில் பாதி நம் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எழுந்து போனவை போலிருக்கிறது. எல்லாவற்றையும் சாராயத்தோடு சேர்த்து வாலையில் வடித்து எடுக்கிறார்கள். நம்ம ஊர் ஓமத் தீநீர் இறக்குகிற அதே வித்தைதான், தண்ணீருக்குப் பதில் சாராயம். பாட்டிலில் 79 சதவீதம் ஆல்கஹால். தண்ணீர் கலக்காமல் குடித்தால் தொண்டை கேள்வி கேட்கும்.

இங்கேதான் ஒரு குட்டி ரகசியம். வாலையில் ஆவியாகி மேலேறுவது வாசனை மட்டும். ரோஸ்மரினிக் அமிலம் ஆவியாகாது; அடிச்சட்டியில் சக்கையோடு தங்கிவிடும். ஆக, அந்தப் புகழ்பெற்ற பாட்டிலில் இருப்பது மணக்கிறவர் மட்டும். உழைக்கிறவர் வரவே இல்லை!

அடுத்து எண்ணெய்க்காரர்களின் அறை. ஒரு டன் பச்சை இலையைக் காய்ச்சினாலும் ஒரு கிலோ எண்ணெய் கிடைப்பது சந்தேகம். அதனால் விலை கன்னாபின்னா. விலை ஏறினால் கலப்படம் வருமே, வந்தது. எலுமிச்சைப் புல்லின் எண்ணெயில் சிட்ரால் கொட்டிக் கிடக்கிறது, மலிவு வேறு. மூக்கை ஏமாற்ற அது போதும். ஒரு காலத்தில் கேரளத்துப் புல் எண்ணெய் ‘கொச்சின் ஆயில்’ என்ற பெயரிலேயே கப்பலேறியது. லெமன் பாம் எண்ணெய் என்று சந்தையில் மலிவாகக் கிடைக்கிற புட்டிகள் பலவற்றில் மணப்பது அந்தப் புல்லின் சொந்தக்காரர்களாகத்தான் இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த அறை, ஆராய்ச்சிக்கூடம். 2002 இல் இங்கிலாந்தில், கடுமையான மறதி நோயால் அமைதியிழந்து தவித்த 72 முதியவர்களிடம் ஒரு சோதனை. ஒரு பகுதியினருக்கு முகத்திலும் கைகளிலும் லெமன் பாம் எண்ணெய் கலந்த களிம்பு, மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய். நாலு வாரத்தில் லெமன் பாம் பூசியவர்களில் 60 சதவீதம் பேரிடம் தவிப்பு நன்றாகக் குறைந்தது. மற்றவர்களில் 14 சதவீதம்தான். ஆஹா! ஆனால் ஒரு சிக்கல்: பூசுகிறவருக்கே வாசனையில் தெரிந்துவிடுமே, எது அசல் என்று? 2011 இல் வெளியான அடுத்த சோதனையில் மதிப்பிட வந்தவர்கள் மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டார்கள். காகிதமும் பேனாவுமாக, மூக்கடைத்த குரலில் பேசிக்கொண்டு ஒரு விஞ்ஞானக் குழு! முடிவு: லெமன் பாம் எண்ணெய், வழக்கமான மாத்திரை, வெறும் போலி மருந்து, மூன்று அணியும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. பக்கத்தில் உட்கார்ந்து பரிவாகக் கையைத் தடவிக்கொடுத்ததே மருந்தாகியிருக்கலாம்.

மணமில்லாதவர் என்ன செய்தார்? நியூகாசிலின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 18 பேரை உட்காரவைத்து, ஒரே திரையில் நாலு வேலைகளை ஒருசேரச் செய்யச் சொல்லிப் படுத்தி எடுத்தார்கள். 600 மில்லிகிராம் இலைச்சாற்று மாத்திரை போட்ட நாளில் மனம் அமைதியாக இருந்ததாக அவர்களே சொன்னார்கள், கூடவே கொஞ்சம் மந்தமும். சோதனைக் குழாயில் பார்த்தால், மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளைச் சிதைக்கிற நொதியை ரோஸ்மரினிக் அமிலம் தடுக்கிறது. உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்வதையும் இதே வகைப் பொருள்கள் தடுக்கின்றன. ஜெர்மனியில் அதற்கென இலைச்சாறு சேர்த்த கிரீமே உண்டு. எரிச்சல் தொடங்கியவுடன் தடவினால்தான் பலன்.

18 பேர் என்பது சின்னக் கூட்டம், சோதனைக் குழாய் என்பது மனிதர் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமையும் அடக்கமாகவே பேசுகிறது: லேசான மன அழுத்தம், தூக்கம் வர உதவி, வயிற்று உப்புசம், வாயுத் தொல்லை. அதுவும் நெடுங்காலப் பழக்கத்தின் பேரில்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டுமானால் தேநீர்தான் வழி. காய்ந்த இலை 1.5 முதல் 4.5 கிராம், கொதிக்கிற தண்ணீர் 150 மில்லி, ஒரு நாளைக்கு மூன்று தரம் வரை. கோப்பையைத் தட்டு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மணக்கிறவர் ஜன்னல் வழியே போய்விடுவார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். குடித்துவிட்டு அசதியாக இருந்தால் வண்டிச் சாவியை எடுக்க வேண்டாம். தூக்க மாத்திரையோ தைராய்டு மருந்தோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கர்ப்பிணிகளும்தான்.