ஒரு நாள், ஓர் ஆறு: நெய்யாற்றின் கரையில் சிற்றுலா

திருவனந்தபுரத்தில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறை நாளில் அருகிலுள்ள சிற்றூர்களைக் கண்டுவர விரும்புகின்றன. நெய்யாற்றின்கரை, காஞ்சிரங்குளம், பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்கள் அதற்கு மிகவும் ஏற்றவை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் உறவும் மொழியும் இன்றளவும் எல்லையைக் கடந்தே வாழ்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சக ஊழியர் குடும்பங்களுடன் ஏழு இடங்களைப் பட்டியலிட்டுப் புறப்பட்டோம். மூன்று இடங்களை மட்டுமே கண்டோம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலை அடைந்தபோது உச்சிவேளை நடை சாத்தப்பட்டிருந்தது. எங்களுடன் வந்த மூத்த தாயார் ஒருவர் மூடிய கதவை வணங்கித் திரும்பினார். அவருக்காகவே திட்டமிட்ட பயணம் அது. வரவை மீறிச் செலவைத் திட்டமிட்டவர் படும் துன்பத்தையே அன்று நாங்கள் நேர விஷயத்தில் பட்டோம்.

ஆகவே முதல் விதி: ஒரு நாளுக்கு ஓர் ஆறு போதும். அகத்திய மலையில் தோன்றி, பூவாற்றில் கடலைச் சேரும் நெய்யாற்றையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். கையிலுள்ள நேரத்தில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கீடு செய்யாமல் சேமிப்பாக வைத்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது விதி: கோயில் முதலில். கேரளக் கோயில்கள் பெரும்பாலும் முற்பகலில் அடைத்து மாலையில் திறக்கும். நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்க. ஆண்கள் வேட்டியும் மேல்துண்டும் எடுத்துச் செல்வது நல்லது. நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப்பிலாவு' என்னும் பழம்பெரும் பலாமரம் பாதுகாக்கப்பட்டுள்ளது. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. நேரம் இருப்பின், 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த அருவிப்புரத்தையும் இதே ஆற்றின் கரையில் காணலாம்.

நகரிலிருந்து வரும் வழியிலேயே பாலராமபுரம் உள்ளது. அரசர் பாலராம வர்மரின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். குழித்தறியில் நெய்யப்படும் இவ்வூர் மெல்லிய பருத்தித் துணி புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறித் துணியும் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. கூட்டுறவுச் சங்கக் கடையில், கைத்தறி முத்திரை பார்த்து, ரசீது கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் நெய்தவரின் கூலி அந்தக் கூடுதலுக்குள் இருக்கிறது.

பிற்பகலில் காஞ்சிரங்குளம் வழியாகப் பூவாறு செல்லலாம். காஞ்சிரம் என்பது எட்டி மரத்தின் பெயர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். தென்னையும் வாழையும் மரவள்ளியும் சூழ்ந்த இவ்வூர்ப் பகுதியில் சிறு உணவகம் ஒன்றில் மதிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். செலவழிக்கும் பணம் ஊரிலேயே தங்கட்டும்.

பூவாற்றில் ஆறும் கடலும் கூடும் கழிமுகம் உண்டு. படகில் ஏறுமுன் கட்டணம், பயண நேரம் இரண்டையும் உறுதி செய்துகொள்க. உயிர்காப்பு உடை அணியாமல் ஏற வேண்டாம். கழிமுகத்தில் நீரோட்டம் வலிது; அங்கே நீராடுவதைத் தவிர்க்கவும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தைக் காட்டிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்கள் இப்பயணத்துக்கு உகந்தவை.

பணம் பற்றி வங்கியாளராகிய நாங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. 10, 20, 50 ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருங்கள். எல்லா இடத்திலும் இணையத் தொடர்பு சீராக இருக்கும் என எண்ண வேண்டாம். குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்தும்போது திரையில் தோன்றும் பெயரைச் சரிபாருங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அவ்வாறு கேட்டால் அது மோசடி. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ரயிலில் செல்வோர் திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் பாலராமபுரத்திலோ நெய்யாற்றின்கரையிலோ இறங்கலாம். பாறசாலையே அவ்வழியில் கேரளத்தின் கடைசி நிலையம். எல்லா வண்டிகளும் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. கால அட்டவணையைப் பார்த்துத் திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்க.

அடுத்த ஆண்டு அந்தத் தாயாரை மீண்டும் அழைத்துச் சென்றோம். அம்முறை எங்கள் பட்டியலில் இரண்டே இடங்கள். காலையிலேயே கோயிலை அடைந்தோம், நடை திறந்திருந்தது.