ஆரஞ்சில் எவ்வளவு மருந்து இருக்கலாம்?

2012 ஜனவரி 9 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்நாட்டுப் பழச்சாறு உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிரேசிலிலிருந்து வந்த ஆரஞ்சுச் சாற்றில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி இருப்பது தெரியவந்திருக்கிறது, இனி இறக்குமதியாகும் சாற்றைச் சோதித்த பிறகே உள்ளே விடுவோம், 100 கோடியில் 10 பங்கு இருந்தாலும் சரக்கு திரும்பிப் போக வேண்டியதுதான் என்றது கடிதம். அதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு பழச்சாறு நிறுவனமே தன் சாற்றிலும் போட்டியாளர்களின் சாற்றிலும் இந்த மருந்து இருப்பதாகத் தகவல் கொடுத்திருந்தது. தகவல் சொன்னது தாங்கள்தான் என்று கோக்க கோலா பின்னர் உறுதிசெய்தது. செய்தி வெளியானதும் ஆரஞ்சுச் சாற்றின் முன்பேர வர்த்தக விலை எகிறியது.

கார்பென்டாசிம் நம் விவசாயிகளுக்கும் பழக்கமானதுதான். உரக்கடையில் ‘பெவிஸ்டின்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பிரேசில் தோட்டங்களில் ஆரஞ்சின் கரும்புள்ளி நோய்க்கு இதைத் தெளித்துவந்தார்கள்.

அதே நிர்வாகம் அன்றே இன்னொன்றும் சொன்னது. ஏற்கெனவே கடைகளில் இருக்கும் சாற்றைத் திரும்பப் பெறப் போவதில்லை, அதைக் குடிப்பதால் ஆபத்து இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 100 கோடியில் 80 பங்கு வரை கவலைப்பட ஏதுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஆரஞ்சுப் பழத்தில் 200 பங்கு வரை அனுமதித்திருந்தது. இதைவிட வியப்பானது ஆப்பிள் கணக்கு. தயோபனேட் மெத்தில் என்ற மருந்தைத் தெளித்தால் அது சிதைந்து கார்பென்டாசிம் ஆகும். அமெரிக்காவில் ஆப்பிளில் இவை இரண்டும் சேர்ந்து 2,000 பங்கு வரை சட்டப்படியே இருக்கலாம். அதாவது, ஆப்பிளில் 2,000 வரை ஏற்கும் நாடு ஆரஞ்சுச் சாற்றை 10-லேயே தடுத்து நிறுத்தியது.

பழத்துக்கும் பழச்சாற்றுக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், இந்த முரணுக்குக் காரணம் உடல்நலக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் ஒரு பயிரில் ஒரு மருந்துக்கு வரம்பு பதிவாகாவிட்டால் அந்தப் பயிரில் அதன் எச்சம் இருக்கவே கூடாது. இந்தச் சம்பவத்துக்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு தயோபனேட் மெத்தில் பயன்படுத்த அவசர அனுமதி இருந்தது. அது காலாவதியானதும் ஆரஞ்சுக்கான வரம்பும் போயிற்று. சட்டம் பூஜ்ஜியம் என்கிறது, எந்தக் கருவியாலும் பூஜ்ஜியத்தை அளக்க முடியாது. ஆய்வகம் நம்பிக்கையோடு உறுதிசெய்யக்கூடிய மிகக் குறைந்த அளவு எதுவோ அதுவே எல்லை ஆனது. 10 என்ற எண் அப்படி வந்ததுதான். பிரேசில் அனுப்பியதில் பெரும்பகுதி செறிவூட்டிய சாறு, ஐந்தாறு மடங்கு நீர் கலந்தே குடிப்பார்கள். கலந்த பின் அளந்து பாருங்கள் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் கேட்டும் அமெரிக்கா இசையவில்லை. கடைசியில் பிரேசில் ஆரஞ்சுத் தோட்டங்களே இந்த மருந்தைக் கைவிட்டன. 2022-இல் பிரேசில் அதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

எச்ச வரம்பு என்பதைப் பலர் நஞ்சுக்கும் உணவுக்கும் நடுவே போட்ட கோடு என்று நினைக்கிறார்கள். அது அப்படி உருவாவதில்லை. பரிந்துரைத்த அளவில் மருந்து தெளித்து, பறிப்பதற்கு முன் விட வேண்டிய நாட்களையும் விட்டு, பல இடங்களில் விளைச்சலைச் சோதிக்கிறார்கள். ஒழுங்காகப் பயிர் செய்தால் மிஞ்சும் எச்சம் எவ்வளவு என்பதிலிருந்து வரம்பு பிறக்கிறது. அதன் பிறகே உடல்நலக் கணக்கு. விலங்குச் சோதனையில் தீங்கு தெரியாத அளவை எடுத்து, வழக்கமாக நூறால் வகுத்து, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொள்ளத்தக்க அளவைக் குறிக்கிறார்கள். மக்கள் உண்ணும் எல்லா உணவிலிருந்தும் சேரும் எச்சம் அதைத் தாண்டாவிட்டால் வரம்புக்கு ஒப்புதல் கிடைக்கும். ஆகவே வரம்பைத் தாண்டிய பழம் என்றால் முதலில் தெரிவது, எங்கோ விதி மீறப்பட்டிருக்கிறது என்பதுதான். அதைத் தின்றவர் நோயாளி ஆவார் என்று பொருளில்லை. வரம்புக்குள் இருப்பதால் எல்லாம் சரி என்றும் பொருளில்லை. ஏனெனில் பெரும்பாலும் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகவே எடைபோடுகிறார்கள். ஒரே பழத்தில் மூன்று மருந்து, மூன்றும் வரம்புக்குள் என்றால் சட்டத்துக்கு அதில் குறையில்லை.

எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் இது கற்பனை அல்ல. பறித்த பழத்தைப் பச்சைப் பூஞ்சணமும் நீலப் பூஞ்சணமும் அழுகவைக்கும். கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய பழத்தை இமசலில், தயபெண்டசோல் போன்ற மருந்துக் கரைசலில் முக்குகிறார்கள், அல்லது மெழுகோடு கலந்து பூசுகிறார்கள். மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சணங்கள் பெருகிவிட்டதால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தேவைப்படுகிறது. இந்த எச்சம் பெரும்பாலும் தோலிலேயே தங்கும், சுளையில் மிகக் குறைவு. ஆனால் சட்ட வரம்பு தோலோடு சேர்த்த முழுப் பழத்துக்கானது. தோலை உரித்து எறிபவருக்கும் எலுமிச்சையைத் தோலோடு நறுக்கி ஊறுகாய் போடுபவருக்கும் ஒரே எண்தான்.

இந்தப் பூச்சு விஷயத்தில் ஜப்பானின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1975-இல் அமெரிக்க எலுமிச்சை, கிரேப்ஃபுரூட் ஆகியவற்றில் அங்கு அனுமதியில்லாத ஓபிபி என்ற பூஞ்சைக்கொல்லி சிக்கியது. ஜப்பான் பழங்களை அழிக்கச் சொன்னது, அமெரிக்கா கடும் அழுத்தம் கொடுத்தது, 1977-இல் ஓபிபிக்கு அனுமதி கிடைத்தது. வணிக நெருக்கடிக்குப் பணிந்த முடிவு என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. என்றாலும் அறுவடைக்குப் பின் பூசும் மருந்தை ஜப்பான் உணவுச் சேர்க்கைப் பொருளாகவே நடத்துகிறது. எனவே மருந்தின் பெயரை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். உதிரியாக விற்கும் கடைகளிலும் பெயரை எழுதிவைக்க அரசு வழிகாட்டல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இத்தகைய பழங்களின் பெட்டியில் பூசிய மருந்தைக் குறிப்பிட வேண்டும்.

அங்கேயும் முரண்கள் தீரவில்லை. கார்பென்டாசிமுக்கான ஒப்புதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-இல் முடிந்துவிட்டது. சொந்த வயலில் கூடாத மருந்தின் எச்சத்தை இறக்குமதிப் பழத்தில் ஏற்பதா என்ற வாதம் ஓயவில்லை. அந்த மருந்துக்கான வரம்பு குறித்த வரைவை 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் எதிர்த்து வாக்களித்தது.

எண்ணை எங்கே வைப்பது என்று நிபுணர்கள் வாதிடட்டும். பழத்தில் என்ன பூசியிருக்கிறது என்பதை அறிய வாங்குபவருக்கு உள்ள உரிமையில் வாதத்துக்கு இடமில்லை. இறக்குமதிப் பழம் வாங்கும்போது அது வந்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், பல பெட்டிகளில் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும். கழுவினால் எச்சத்தில் ஒரு பகுதிதான் போகும். தோலோடு சமைப்பதற்கும் ஊறுகாய்க்கும் பூச்சு ஏறாத உள்ளூர்ப் பழத்தையே வாங்குங்கள்.