திறப்பு யார் கையில்?

தோட்டப்புறத்தை நம்பிக் கடை நடத்தும் நமது வியாபாரிகள் கடன் கொப்பியை லாச்சியில் பூட்டி, திறப்பைத் தம்மிடமே வைத்திருந்தார்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இன்று பல கடைகளில் அந்தக் கொப்பி கணனிக்குள் போய்விட்டது. ஆனால் அதன் திறப்பு எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல்!

இதன் விலையை நானும் கொடுத்திருக்கிறேன். எனது கடையில் மென்பொருள் போட்ட மூன்றாம் மாதம் சில பில்கள் அழிக்கப்பட்டிருந்தன. ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்ததால் யார் செய்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தேகம் ஒரு பையன் மீது விழுந்தது. அவன் மனம் நொந்து வேலையை விட்டுப் போனான். போன காசை விட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் ஏமாந்திருக்கின்றன. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்த திருடர்கள், ஊழியர்களின் கடவுச்சொற்களைக் கொண்டே நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து பணம் அனுப்பக் கட்டளையிட்டார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் டொலர், பெறுநரின் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் பிடிபட்டுத் திரும்பக் கிடைத்தது. வெளியார் நுழைவதைத் தடுக்கும் 'பயர்வோல்' கூட அங்கு இருக்கவில்லை என்று விசாரணை செய்த பொலிஸ் அதிகாரி பின்னர் கூறினார்.

ஆகவே, எல்லாக் கிளைகளுக்கும் மென்பொருளைக் கொடுக்குமுன் ஒரு நாளை ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். உண்மைக் கணக்கு வேண்டாம், மாதிரிக் கணக்கு போதும்.

முதலில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுங்கள். பின் காசாளரின் பெயரில் நீங்களே உள்ளே போங்கள். பில்லை அழித்துப் பாருங்கள். விலையை மாற்றிப் பாருங்கள். ஸ்டோர் பொறுப்பாளரின் பெயரில் போய் வாடிக்கையாளரின் கடன் கணக்கைத் திறந்து பாருங்கள். இவற்றில் ஒன்று முடிந்தாலும், திருத்தும்வரை மென்பொருளைப் பாவனைக்கு விடாதீர்கள்.

மென்பொருளைப் பொருத்தியவர் வைத்துப்போன கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறதா? அவர் தூரத்திலிருந்தே உங்கள் கணனிக்குள் வர வழியிருக்கிறதா? வேலையை விட்டவரின் பெயர் நீக்கப்பட்டதா? யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு விழுகிறதா? அந்தப் பதிவை ஊழியரால் அழிக்க முடிகிறதா? இவற்றையும் பாருங்கள்.

ஊழியரை நம்பாத வேலை இது என்று சிலர் சொல்வார்கள். அன்று எனது கடையில் ஐந்து பேருக்கும் ஐந்து பெயர் இருந்திருந்தால், அந்தப் பையன் குற்றவாளியா, நிரபராதியா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.