வயலில் இரவு தங்குவோருக்குப் பாதுகாப்பு: எந்த வீட்டு மருந்து பலன் தரும்?

மதுரை மாவட்டத்தில் இரவு நேரத்தில் வயலிலேயே படுக்க வேண்டிய அவசியம் விவசாயிகளுக்கு ஆண்டில் பல முறை ஏற்படுகிறது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் பெரியாறு - வைகைப் பாசனத்தில் விளைந்த நெல்லை அறுத்ததும், களத்திலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் குவியலுக்குக் காவலாகத் தங்க வேண்டியிருக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்தில் மானாவாரி மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றப் பரண் கட்டிக் கண் விழிக்கிறார்கள். அறுவடை முடிந்த நிலங்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் மாதக்கணக்கில் வெட்டவெளியில்தான் படுக்கிறார்கள்.

இவ்வாறு தங்குவோர் கொசு, பூச்சி, தேள், பாம்பு, பன்றி ஆகியவற்றை விரட்டப் பல வீட்டு மருந்துகளைக் கையாளுகிறார்கள். வேப்பிலைப் புகை, நொச்சித் தழை, மஞ்சள் தூள், பூண்டுச் சாறு, பினாயில், தலைமுடி என்று பட்டியல் நீளமானது. இவற்றுள் சில நல்ல பலன் தருபவை. சில, ஒரு வாரம் பத்து நாளுக்கு மட்டும் உதவுபவை. வேறு சிலவற்றால் பலன் ஏதும் இல்லை. செலவு வீணாவது கூடப் பெரிதல்ல. பலனில்லாத ஒன்றை நம்பித் தரையில் படுத்து உறங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே எது எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

கொசுவுக்கு வேப்பெண்ணெய்

கொசுவைப் பொறுத்தவரை நம் வீட்டு மருந்துக்கு நல்ல பலன் உண்டு. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து உடலில் தடவினால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுக்கள் கடிப்பதில்லை என்று இந்திய மலேரியா ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 1993இல் வெளியிட்ட ஆய்வில் கண்டறிந்தார்கள்.

செய்முறை எளிது. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய், அதாவது சிறு தேக்கரண்டியில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, விட்டு நன்றாகக் குலுக்கிக்கொள்ள வேண்டும். கை, கால், கழுத்து, காது மடல் ஆகிய இடங்களில் தடவ வேண்டும். வியர்வையில் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால் நடு இரவில் எழும்போது மறுமுறை தடவிக்கொள்வது நல்லது. முதல் தடவை முழங்கையில் சிறிது தடவி, அரிப்பு இல்லை என்று கண்ட பின்னரே உடலில் பூச வேண்டும். கண்ணில் படக்கூடாது. கைக்குழந்தைகளுக்குத் தடவ வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது.

வேப்பிலை, நொச்சி, தும்பை ஆகியவற்றின் புகையும் கொசுவை விலக்கும். ஆனால் புகை இருக்கும் வரைதான் பலன். காற்று திசை மாறினால் கொசு திரும்பி வரும். புகைச் சட்டியைக் காற்று வரும் பக்கத்தில், கட்டிலிலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும். வைக்கோல் போர், சாக்கு அடுக்கு இருக்கும் திசையில் பொறி பறக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பம்புசெட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு புகை போடக்கூடாது. கொசுவத்திச் சுருளுக்கும் இது பொருந்தும். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்தால், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

விளக்கைத் தள்ளி வையுங்கள்

பலர் தலைமாட்டிலேயே விளக்கை எரிய விட்டுப் படுக்கிறார்கள். இது தவறு. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தின்னத் தவளையும் தேரையும் வரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். விளக்கைப் படுக்கையிலிருந்து 25, 30 அடி தள்ளிக் கட்டினால் பூச்சிகள் அங்கேயே நின்றுவிடும். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகவே வரும். கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் விளக்கு மட்டும் இருந்தால் போதும்.

நெல் வயல்களில் பேடரஸ் என்னும் மெல்லிய சிறு வண்டு உண்டு. செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். பார்வைக்கு எறும்பு போலத் தோன்றும். இது புகையானைத் தின்று பயிருக்கு நன்மை செய்வது. ஆனால் இரவில் விளக்கொளிக்கு வந்து உடம்பில் ஊரும்போது அடித்து நசுக்கினால், அதன் உடலில் உள்ள நச்சு நீர் பட்டு மறுநாள் தோல் வெந்தது போல் கொப்பளிக்கும். எனவே நசுக்காமல் ஊதித் தள்ளிவிட வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எறும்பு கட்டிலில் ஏறாமல் இருக்க, நான்கு கால்களுக்கும் சிரட்டையில் சோப்புத் தண்ணீர் வைக்கும் பழைய முறையே போதுமானது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

பாம்புக்கு மருந்து இல்லை

மஞ்சள் தூளில் கோடு போடுவது, பூண்டு, வெங்காயம் தட்டித் தெளிப்பது, பினாயில் ஊற்றுவது, அந்துருண்டை வைப்பது ஆகியவை பாம்பை அண்டவிடாது என்ற நம்பிக்கை எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறது. இது சரியல்ல. அமெரிக்காவில் அந்துருண்டை, கந்தகம் முதலிய பல வீட்டுப் பொருள்களைப் பாம்பின் வழியில் வைத்துச் சோதித்து 1985இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் எதுவும் பாம்பைத் தடுக்கவில்லை.

பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. நெல் குவியல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். குவியலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பது அதனால்தான் ஆபத்தாகிறது. குறிப்பாகக் கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் படுத்திருப்பவரின் பாய்க்குள் புகுந்து, அவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். அதன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குதல், பேச்சுக் குளறுதல், விழுங்க முடியாமை ஆகியவைதான் அறிகுறிகள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காலத்தைக் கடத்துவதால் மூச்சு நின்று இறந்துபோகிறவர்கள் உண்டு.

இதற்குச் சரியான பாதுகாப்பு கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும்தான். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் இடைவெளியின்றிச் செருகிவிட வேண்டும். நேபாள நாட்டின் தென்கிழக்குச் சமவெளிக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், கொசுவலைக்குள் உறங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்ததாகத் தெரிய வந்தது. கொசுவுக்காக வாங்கும் வலையே பாம்புக்கும், தேளுக்கும், பூரானுக்கும் காப்பாகிறது.

கட்டிலைச் சுற்றிப் பத்தடிக்குப் புல், சருகு, மட்டை, செங்கல் குவியல் இல்லாமல் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். தேளும் பூரானும் பகலில் பதுங்குவது இத்தகைய இடங்களில்தான். காலையில் செருப்பு, துண்டு, சட்டை ஆகியவற்றை உதறிய பிறகே அணிய வேண்டும். உண்ட மிச்சத்தையும் தானியச் சிதறலையும் படுக்கைக்கு அருகில் விடக்கூடாது. இருட்டில் எழுந்து நடப்பவர்கள் டார்ச் அடித்து, கோலால் தரையைத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும்.

கடித்துவிட்டால்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது ஆகிய எதுவும் கூடாது. பாம்பைப் பிடிக்கத் துரத்தவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை அல்லது காலை அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108 ஆம்புலன்சுக்குத் தகவல் கொடுத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்துதான் கொடுக்கப்படுகிறது. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், இந்த மருந்து தயாரிப்பதற்கான விஷத்தை வழங்கி வருகிறது.

செந்தேள் கொட்டி உடல் குளிர்ந்து வியர்த்தாலும், வாந்தி எடுத்தாலும் மந்திரிக்கச் செல்லாமல் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

பன்றிக்கு எது உதவும்?

காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. ஆகவே முடிதிருத்தகத்தில் கிடைக்கும் தலைமுடியை வரப்போரம் ஓரடி அகலத்துக்குத் தூவுவதும், முட்டைக் கரைசலைத் தெளிப்பதும், பழைய வண்ணச் சேலைகளைச் சுற்றிக் கட்டுவதும் சில நாள்களுக்குப் பலன் தரும். பிறகு பன்றி பழகிவிடும். மழை பெய்தால் வாடையும் போய்விடும். எனவே ஒரே முறையை நம்பாமல், வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். கதிர் முற்றும் காலம், கடலை பிடிக்கும் காலம் ஆகிய முக்கியமான நாள்களுக்கு இவற்றை ஒதுக்கி வைத்துக்கொள்வது சிக்கனம். மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கி விதைப்பதும் உதவும். ஆமணக்கு விதையை ஆடு மாடு தின்றுவிடாமல் காக்க வேண்டும்.

முன்பு சிலர் போரேட் குருணையைச் சிறு பையில் கட்டி வேலியில் தொங்கவிட்டார்கள். அந்த நஞ்சு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. நாட்டு வெடி வைப்பதும், மின் கம்பியிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பதும் குற்றம். இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும், சில சமயம் வேலி போட்டவரின் பிள்ளையுமே அதற்குப் பலியாகிறார்கள். சூரிய மின்வேலி நொடிப்பொழுது மட்டும் அதிர்ச்சி தருவது. அதையும் 2023ஆம் ஆண்டின் தமிழக மின்வேலி விதிகளின்படியே அமைக்க வேண்டும். பன்றித் தொல்லை மிகுந்தால் வனத்துறையிடம் எழுதிக் கொடுக்கலாம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியை வனத்துறையினரே சுட, 2025 ஜனவரியில் அரசு ஆணை வழி செய்தது. விவசாயி தாமே சுடுவதற்கு அனுமதி இல்லை.

மயில் இரவில் பயிருக்கு வருவதில்லை. விடியற்காலையிலும் மாலையிலும்தான் வரும். அதற்கு மின்னும் நாடாக்களைக் கட்டினால் போதும். 1963 முதல் தேசியப் பறவையான மயிலுக்கு நஞ்சு வைப்பது கடும் தண்டனைக்குரியது.

செலவுக் கணக்கு

ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு கொசுவலை, ஒரு டார்ச், ஒரு சிறு புட்டி வேப்பெண்ணெய்க் கலவை ஆகியவையே வயலில் தங்குவோருக்கு வேண்டியவை. கட்டிலையும் வலையையும் ஒரு முறை வாங்கினால் பல போகங்களுக்கு வரும். கொள்முதல் நிலையத்தில் பல நாள் காத்திருக்க நேரும் விவசாயிகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, முறை வைத்துக் காவல் இருந்தால், விழித்திருப்பவர் குவியலைப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் குவியலிலிருந்து தள்ளி, வலைக்குள் படுத்து அச்சமின்றி உறங்கலாம். மூட்டையைத் தூக்கும் முன்பே கட்டிலையும் வலையையும் வண்டியில் ஏற்றிக்கொள்வது விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டிய நல்ல வழக்கமாகும்.