மூன்றாய் மடித்த சேலை

எங்கள் செஞ்சியில் போர்வைக்கு வேலை வருவது மார்கழியில்தான். தை பாதி போனால் அதுவும் பெட்டிக்குள் போய்விடும். மற்ற மாதங்களில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் பகலெல்லாம் காய்ந்து, ராத்திரி பத்து மணிக்கும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் துணி மெத்தை தைக்கிறேன் என்றால், “யாரும்மா போத்திக்கறது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். போத்திக்கொள்ள இல்லை, போட்டுப் படுக்க.

குயில்ட் என்று குளிர்தேசத்தில் சொல்வது மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊசி மேலும் கீழும் போய்வரும். பஞ்சுக்குள் மாட்டிக்கொள்ளும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. பனி பெய்கிற ஊருக்கு அது சரி. இங்கே அப்படித் தைத்தால் வேர்வையில் ஊறி, ஆவணி மழையில் காயாமல் நாறிப்போகும். அதனால் பஞ்சு இருக்கவேண்டிய இடத்திலும் நான் சேலையையே வைக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் படுக்கையில் கிடக்கும் கிழவிக்கும் எங்கள் அம்மா இப்படித்தான் தைத்துக் கொடுத்தார். குழந்தைக்கு ஏணை கட்ட ஒரு சேலை, தரையில் போட ஒரு சேலை மெத்தை. விலைக்கு யாரும் விற்றதில்லை. அதனாலேயே இதை ஒரு கைத்தொழிலாக யாரும் மதிக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

கணக்கு எளிது. ஒரு சேலை 5.5 மீட்டர். மூன்றாய் மடித்தால் ஒரு மடிப்பு ஆறடி நீளம். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறையும். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு, கத்தரிக்கோலே வேண்டாம். இரண்டு சேலை வைத்தால் ஆறு அடுக்கு. பாய்மேல் விரித்துப் படுத்தால் இடுப்பு எலும்பு குத்தாது.

ஆனால் எந்தச் சேலை என்பதில் நான் கறார். பலமுறை துவைத்து மெலிந்த பருத்திச் சேலைதான் வேண்டும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், முதல் துவையலில் சுருங்கும். பழசோடு சேர்த்துத் தைத்துவிட்டால் புதுசு சுருங்கி, பழசையும் இழுத்து, மெத்தை முழுக்கச் சுருக்கம் விழும். பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, ஊசியும் வழுக்கும். ஜரிகை உடம்பைக் கீறும், தையல் நூலையும் அறுக்கும். பக்கத்து ஆரணியிலிருந்து வரும் பட்டு ரவிக்கைத் துண்டுகளைச் சிலர் ஆசையாகக் கொண்டுவருவார்கள். அவற்றைச் சுவரில் மாட்டும் படமாகத்தான் தைத்துத் தருவேன். சிவப்புச் சுங்குடி வந்தால் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பேன். சாயம் ஏறினால் அது தனியாக வாளிக்குப் போகும்.

சேலை எங்கே நையும் என்று ஒரு தையற்காரிக்குத்தான் தெரியும். கொசுவம் செருகுகிற இடம் முதலில் போகும், அடுத்து குதிகால் தட்டுகிற அடிக்கரை. முந்தானை மட்டும் கடைசிவரை புதுசாகவே இருக்கும். அதனால் முந்தானையை மேலே வரும்படி மடிப்பேன், கொசுவப் பக்கம் உள்ளே போய்விடும். வெளியே தெரியும் கிழிசல் இருந்தால் அங்கே ஒரு ஒட்டு. ஒட்டுத்துண்டை வெட்டும்போது பாவும் ஊடையும் நேராக இருக்கவேண்டும். குறுக்காக வெட்டிய துண்டு இழுபடும், சட்டை கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைக்கத்தான் அது உதவும். நேர் பார்க்கச் சந்தேகமாக இருந்தால் வெட்டாமல் கிழித்துவிடுவேன். கிழிசல் இழையோடு போகும், பொய் சொல்லாது.

அடுக்குகளைத் தரையில் விரித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கச்சா தையல் போடுவேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து சேர்ந்து நிற்கும். அதன்பிறகு இரண்டு விரல் இடைவெளியில் ஓடுதையல். நூல் முழங்கை நீளத்துக்குமேல் இருந்தால் சிக்கும். அங்குஸ்தான் போடாமல் ஆறு அடுக்கில் ஊசி தள்ளினால் விரல் நுனி ஓட்டையாகும். மிஷினில் 18-ஆம் நம்பர் ஊசி போட்டு ஓரம் மட்டும் அடிப்பேன். உள்வரிசைகள் கையால்தான். மிஷின் தையல் துணியைப் பலகை மாதிரி விறைப்பாக்கிவிடுகிறது. இதில் எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகாது. மிஷினிலேயே முழுக்க அடித்தால் நாலு மடங்கு ஆர்டர் முடிக்கலாம் என்பது அவள் கட்சி. அவள் சொல்வதும் தப்பில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வேலை, நெல் மூட்டை பிடிக்கிற இடம். அறுவடை நாளில் வீடு வர ராத்திரி ஆகும். “நான் கோணி தைக்கிறேன், நீ துணி தைக்கிறே. கூலி மட்டும் எனக்குத்தான் உடனே வருது” என்பார். மாமியார் பழைய கரைகளிலிருந்து நூல் உருவித் தருவார். கண் மங்கிவிட்டது, ஆனால் விரல் மங்கவில்லை. வங்காளத்துக் காந்தா தையலிலும் பழைய சேலைக்கரை நூலைத்தான் உருவித் தைத்தார்கள் என்று படித்துச் சொன்னேன். “அங்கேயும் மாமியார் இருந்திருப்பா” என்றார்.

வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி. எல்லாமே பழந்துணி அடுக்கி ஓடுதையல் போட்டவை. கர்நாடகத்தின் வட கன்னடக் காடுகளில் சித்திகள் என்று ஒரு சமூகம் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் கவந்து மெத்தையின் மூலையில் மடித்த துணியால் பூ வைத்துத் தைப்பார்கள். பூ இல்லாவிட்டால் மெத்தை அம்மணமாக இருப்பதாக அவர்கள் நினைப்பார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் ஒரு குழந்தை மெத்தைக்கு வைத்துப் பார்த்தேன். மாமியார் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கும்மா இது? புள்ளை வாயில வெச்சுக்கும்” என்று சொல்லிவிட்டார். இப்போது பெரியவர்கள் மெத்தைக்கு மட்டும் பூ. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரின் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைந்த உடுப்புகளில் தைத்த மெத்தைகள் 2002-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006-ல் அஞ்சல்தலையாகவும் வந்தன. தரையில் கிடந்தவரை யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் ஒட்டுத்துணி வேலை உண்டு, கோயிலுக்குள் இருப்பதால் நாம் அப்படி நினைப்பதில்லை. தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வண்ணத்துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்ததுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்னும் செய்கிறார்கள்.

எங்கள் செஞ்சிக் கோட்டைக்கும் இந்தத் தொழிலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. மராட்டிய மன்னர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மொகலாயர்களிடமிருந்து தப்பி வந்து, 1698-ல் கோட்டை விழும் வரைக்கும் செஞ்சியைத்தான் தலைநகரமாக வைத்திருந்தார். 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது அந்த மராட்டியர்களிடம்தான். பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்தது. கம்பெனிக்காரன் இந்தக் கரைக்கு வந்தது முக்கியமாகத் துணிக்கு. கையால் சாயம் எழுதிய சோழமண்டலப் பருத்தியை வாங்கிப் போய் ஐரோப்பாவில் நடுவே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள், பாவாடையாக்கினார்கள். அங்கே நெசவாளிகளின் பிழைப்பு கெட்டது. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டு 1759-ல்தான் எடுத்தது. இங்கிலாந்து 1721-ல் அச்சிட்ட பருத்தியை உடுத்தவும் வீட்டில் போடவும் கூடாது என்றது. இப்படித் தடையால் அருமையாகிப்போன துணியில் ஒரு துண்டு கிடைத்தாலும் விடாமல், அதிலிருந்த பூவையும் கிளியையும் மட்டும் வெட்டி வெறுந்துணிமேல் வைத்துத் தைத்தார்கள் அந்த ஊர்ப் பெண்கள். அவர்கள் ஒட்டுப்போட்ட பூ நம் கரையில் எழுதிய பூ.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், மற்றது எங்களுடையது. அதற்குப் பிறகு ஒருநாள் கோட்டை பார்க்க வந்த ஒரு அம்மா, திண்ணையில் காய்ந்த மெத்தையைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டார். “கோதடி!” என்று கையால் தடவினார். எனக்கு மராட்டி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தையலைத் திருப்பிப் பார்த்து, பின்பக்க முடிச்சு எங்கே என்று சைகையில் கேட்டார். முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைப்பதைக் காட்டினேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சேலை முனையால் தன் ஊர் முறையைக் காட்டினார். வாங்கவில்லை, பெட்டியில் இடமில்லை போலிருக்கிறது.

தையலைத் தவிர நான் வீட்டில் பிஸ்கட்டும் செய்து விற்கிறேன், இனி அந்த அடுப்பு. தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாக ஆவியில் வேகவைப்பதுதான், ஓவன் அபூர்வம். நான் கேக் பழகியது குக்கரில். அடியில் ஒரு விரல்கடை பொடியுப்பு, அதன்மேல் ஸ்டாண்ட், மூடியில் காஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும். பத்து நிமிஷம் வெறுமனே சூடேற்றி, மாவுப் பாத்திரத்தை இறக்கி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். உப்பு சூட்டைச் சமமாகப் பரப்பும். இப்போது மின்சார ஓவன் இருக்கிறது, கரண்ட் போனால் மறுபடி குக்கர்தான்.

அதிகம் போவது மல்லாட்டை பிஸ்கட். இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், செம்மண் கொல்லையெல்லாம் விளைகிறது. வறுத்துத் தோல் நீக்கி, மிக்சியை விட்டு விட்டு ஓட்டவேண்டும். விடாமல் ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொண்டு களியாகிவிடும். கோதுமை மாவு, வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு நிற்க இடமில்லாமல் போகும், அதற்கு முந்தின நாள் நான் தையலைத் தொடமாட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைக்குப் பிஸ்கட் பாட்டில் பாட்டிலாகப் போகும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கியிருக்கிறேன், வாங்கியபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். வீட்டில் செய்து விற்கிற பெண்கள் பலர் இதற்குப் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பிஸ்கட் நாளும் துணி நாளும் கலக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெண்ணெய்க் கை துணியில் பட்டால் அன்றைக்குத் தெரியாது, மாசம் கழித்து மஞ்சள் வட்டமாகத் தெரியும். அதைவிட மோசம் வாசனை. சேலைக் குவியலில் பிஸ்கட் தூள் விழுந்தால் எறும்பு முதலில் வரும், பின்னாலேயே எலி. என் சின்ன மகன் மட்டும் மெத்தைக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துதான் தின்பான். பாட்டி ஆதரவு.

விலை பேசுகிற வேளைதான் எனக்குச் சிரமம். ஒற்றை மெத்தைக்குக் கைத்தையல் கூலி 1,800 ரூபாய் சொல்கிறேன். சாயங்காலச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் குனிந்து உட்காருகிற வேலை. போன மாசம் இரண்டு தெரு தள்ளியிருந்து ஒருத்தி தன் அம்மாவின் சேலைகளோடு வந்தாள்.

“சேலை என்னுதுதானேக்கா, அப்புறம் எதுக்கு இவ்ளோ?”

“சேலையை உனக்கே திருப்பித் தரேன்மா. தையலுக்குத்தான் காசு.”

“மிஷின்ல அடிச்சா?”

“மிஷின்ல அடிச்சா 700. என் பொண்ணு அடிச்சுத் தருவா. ரெண்டையும் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு.”

இரண்டு மெத்தையையும் தரையில் விரித்துக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்க்கவில்லை, இரண்டிலும் ஒருமுறை படுத்தே பார்த்தாள். எழுந்து கைத்தையலுக்கே முன்பணம் கொடுத்துவிட்டு, பிஸ்கட் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “இது இனாம்தானேக்கா?” என்றாள்.

மாமியார் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: “அறுபது ரூபா!”