காந்த சிகிச்சையும் இன்ஷூரன்ஸும்



மனச்சோர்வு என்பது ஒரு நோய். பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்காக இரண்டு நாள் முகம் வாடியிருப்பதை இப்பெயரால் அழைப்பது பொருந்தாது. உறக்கமும் பசியும் கெட்டு, பிடித்தமான காரியங்களிலும் பற்று நீங்கி, உயிரோடிருப்பதே பாரமாகத் தோன்றும் நிலை வாரக்கணக்கில் நீடிக்குமானால், அதையே வைத்தியர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். அதற்கு மருந்துகள் உண்டு. பேச்சின் வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. இவற்றால் குணம் காணாதவர்களுக்கென்று ஏற்பட்ட ஒரு முறையைப் பற்றியும், அதன் செலவை ஏற்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏன் அவ்வளவு தயங்கின என்பதைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

அம்முறைக்கு ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு டி. எம். எஸ். என்று பெயர். நம் செவிக்கு அப்பெயர் ஒரு பாடகரையே நினைவூட்டும். அவருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மண்டையோட்டின் வழியே காந்த சக்தியைச் செலுத்தி மூளையைத் தூண்டுதல் என்பது பொருள். கடைத்தெருவில் விற்கும் காந்த வளையல்களோடு இதைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை விரைவாக நுழைத்தால் கால்வனாமீட்டரின் முள் அசைவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நான் பௌதிகம் கற்பித்த காலத்தில் எத்தனை ஆண்டு செய்து காட்டினாலும் சலிக்காத சோதனை அது. காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டம் பிறக்கிறது. அக்கடத்தி செம்புக் கம்பியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மூளையின் நரம்புத் திசுவாகவும் இருக்கலாம். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய தோழர்களும் தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் கணப்பொழுது மின்சாரம் பாய்ச்சி, கையின் தசைகள் தாமாகத் துடிக்கும்படி செய்தார்கள்.

சிகிச்சையின்போது நோயாளி விழித்தபடியே ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். தலையின் முன்பாகத்தில், பெரும்பாலும் இடப்புறத்தில், சுருளை வைக்கிறார்கள். மரங்கொத்தி கொத்துவது போன்ற ஓசை எழும். ஆதலால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். மயக்க மருந்து கிடையாது. சிலருக்குத் தலைவலி உண்டாகும். மிக அரிதாக வலிப்பு நேர்வதும் உண்டு. சினிமாவில் காட்டும் மின்னதிர்ச்சி சிகிச்சை வேறு, இது வேறு. வாரத்தில் 5 நாள் வீதம் ஏறத்தாழ 6 வாரம், வழக்கமான முறையில் 30 முதல் 36 தடவை வரை செய்ய வேண்டும். ஆகவே செலவு சிறிதன்று.

இன்ஷூரன்ஸ் என்பது பலர் சேர்ந்து போட்ட பணத்தை, துன்புற்ற சிலருக்குக் கொடுக்கும் ஏற்பாடு. ஊரார் பொதுவில் வைத்த பணம் போன்றது அது. எனவே அதைக் காப்பவர், “இச்செலவு அவசியந்தானா? இந்த வைத்தியம் பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டா?” என்று கேட்பதில் தவறில்லை. கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சங்கடம் பிறக்கிறது. அதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம்.

2008 அக்டோபரில் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் இக்கருவியை விற்க அனுமதி அளித்தது. யாருக்காக? ஒரு மருந்தை உரிய அளவில் உண்டும் குணமடையாத வயதுவந்த நோயாளிகளுக்காக. ஒரு மருந்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள நோய்க்கு இன்ஷூரன்ஸ் அளிக்கும் கம்பெனி, உடல் நோய்க்கு இல்லாத கட்டுப்பாடுகளை அதற்கு விதிக்கலாகாது என்னும் சட்டமும் அதே மாதத்தில் நிறைவேறியது. இனித் தடையில்லை என்றுதானே எண்ணுவோம்? ஆனால் கம்பெனிகள், “இது இன்னும் பரிசோதனை நிலையில் இருப்பது” என்று சொல்லிக் கையை விரித்தன.

அச்சொல்லில் நியாயமே இல்லை என்று நான் கூற மாட்டேன். கருவியைச் செய்த கம்பெனி 301 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதன்மையாகக் குறித்த அளவுகோலின்படி, மெய்யான சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் இடையிலிருந்த வேற்றுமை தேர்ச்சிக் கோட்டைச் சிறிதளவில் எட்டாமல் போயிற்று. போலிச் சிகிச்சை என்பது, சுருளைத் தலையில் வைத்துக் காந்த சக்தியை மூளைக்குள் புகவிடாமல் செய்வது. தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. பின்னர் அரசாங்கப் பொருளுதவியோடு நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. 190 பேரில், மெய்யான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 14 பேரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 5 பேரும் நோய் நீங்கப் பெற்றார்கள். 14 என்பது பெரிய எண் அன்று. ஆயினும் 5 அன்று.

அதன் பின்னர்க் காரியங்கள் நகர்ந்தன. 2011இல் இச்சிகிச்சைக்கு நிரந்தரக் குறியீட்டெண் கிடைத்தது. எண் இல்லாத சிகிச்சைக்குக் குமாஸ்தா எந்தப் பத்தியில் பணம் எழுதுவார்? 2012இல், முதியோர்க்கான அரசாங்க இன்ஷூரன்ஸாகிய மெடிகேர், நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் இதை ஏற்றது. தனியார் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக இசைந்தன. ஆனால் பல கம்பெனிகளின் விதியில் ஒரு நிபந்தனை இருந்தது: நான்கு மருந்துகளை உண்டு, நான்கும் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மருந்து பலிக்கிறதா என்று அறிய 6 வாரம் என்று வைத்தாலும் நான்குக்கு 24 வாரம். உங்கள் கல்லூரியில் ஒரு பருவம் முழுதும் கழிந்துவிடும். அதுவும், காலையில் எழுந்து பல் துலக்கவே மலைத்து நிற்கும் ஒருவருக்கு! அத்தனை காத்திருப்புக்குப் பலன் உண்டா? அமெரிக்க அரசாங்கம் சுமார் 4,000 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு பேராய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அவ்வறிக்கையின்படி, முதல் மருந்தால் நோய் நீங்கினவர்கள் நூற்றுக்கு 37 பேர்; அதில் குணமாகாமல் இரண்டாம் படிக்குச் சென்றவர்களுள் 31 பேர்; மூன்றாம் படியில் 14; நான்காம் படியில் 13. முதலிரண்டு படிகளில் பொறுத்திருக்கச் சொல்வது தகும். அடுத்த இரண்டையும் கட்டாயமாக்கியது சிக்கனமே தவிர வைத்தியம் அன்று என்பது என் கருத்து. 2024இல் வெளியான நெதர்லாந்து ஆய்வும் இதற்கு இசைவாக இருக்கிறது. இரண்டு மருந்துகளேனும் பலிக்காத 89 பேரில் ஒரு சாராருக்குக் காந்த சிகிச்சையும், மறு சாராருக்கு வேறொரு மருந்தும் கொடுத்தார்கள். நோய் நீங்கினவர்கள் முன்னதில் நூற்றுக்கு 27, பின்னதில் 5. சிறிய ஆய்வுதான், எனினும் கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு. இதற்கு முன்னரே பல அமெரிக்கக் கம்பெனிகள் நான்கை இரண்டாகக் குறைத்துக்கொண்டன.

நம் நாட்டில் சிக்கல் வேறு வகையானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே உள நோய்க்கும் இன்ஷூரன்ஸ் அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரி ஆசிரியை, இச்சிகிச்சை பெற்று மீண்டும் வகுப்பெடுக்கத் தொடங்கினாள். செலவுக்கு விண்ணப்பித்தபோது கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். நோயாளி 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கவில்லையாதலால் பணம் தருவதற்கில்லை என்று அதில் கண்டிருந்தது. “சார், படுக்கையில் படுக்காமல் குணமானது என் குற்றமா?” என்றாள்.

பாலிசியை இருவரும் வரிவரியாகப் படித்தோம். ஒரு நாளுக்குள் முடியும் சிகிச்சைகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அவை மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ கொடுத்துச் செய்பவையாக இருக்க வேண்டும். இதற்கு அவை வேண்டா. நோயாளிக்கு எது நன்மையோ அதுவே இங்கே இடையூறாகிவிட்டது. 2019இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்காணையம் நவீன சிகிச்சைகள் பன்னிரண்டைக் குறித்து, அவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கலாகாது என்றது. மண்டையைத் துளைத்து மூளைக்குள் மின்முனை வைக்கும் முறை அப்பட்டியலில் இருக்கிறது. துளைக்காமல் வெளியிலிருந்து தூண்டும் இம்முறை இல்லை.

கம்பெனியின் மறுப்பை எழுத்தில் பெற்றவர்கள், கம்பெனிக்கே முதலில் முறையிட்டு, அதன் பின்னரும் பரிகாரம் கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. சட்டத்தின் வாசகத்தை முதற்பத்தியிலும், வைத்தியரின் சான்றை இரண்டாம் பத்தியிலும் வைத்து விண்ணப்பத்தை எழுதச் சொன்னேன். சென்ற மாதம் அனுப்பியிருக்கிறாள்.